சிரிக்க ஆள் சேர்ப்பவர்கள்



நகைச்சுவைச் சிறப்பிதழ் உங்கள் கையில் இருக்கிறது. நாகேஷ், சந்திரபாபு, கவுண்டமணி, வடிவேலு எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். நடித்தவர்களைப் பற்றி எழுத நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதவும் இரண்டொருவர் அகப்பட்டுவிடுகிறார்கள். படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. பழைய படச்சுருளைத் தேடிப் பிடிக்கிறவர், அரங்கத்துக்கு வாடகை பேசி முடிக்கிறவர், திரைக்கு ஓரமாக இருட்டில் பியானோ முன்னால் உட்காருகிறவர், வாசலில் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறவர். பெரிய ஸ்டூடியோவோ சேனலோ பின்னால் இல்லாமல் சிரிப்புப் படங்களுக்கு விழா எடுக்கும் சில ஊர்க்காரர்களைப் பற்றி இந்த மாதம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் அவர்களுக்கு.

எல்லாப் படமும் கைப்பேசியில் கிடைக்கிற காலத்தில் சிரிப்புப் படத்துக்கு விழா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள்.

சோகப் படத்தைத் தனியாகப் பார்க்கலாம். கூச்சமில்லாமல் அழலாம் என்பது அதில் ஒரு வசதி. சிரிப்பு அப்படி வராது. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைப் பேருந்தில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்த்தால் ஒரு புன்னகையோடு முடிந்துவிடும். அதே காட்சி நிரம்பிய கொட்டகையில் ஓடும்போது, நாகேஷ் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசை கலகலத்துவிடும். அந்தச் சிரிப்பு பின்வரிசை வரை போய்த் திரும்புவதற்குள் பாலையாவின் முகம் அடுத்த கோணலுக்குப் போயிருக்கும். 1964-இல் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் அந்தக் காட்சியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றால், ஸ்ரீதரும் நாகேஷும் பாலையாவும் பாதிக் காரணம். மீதிப் பாதி பக்கத்து இருக்கைக்காரர்.

பேசாப்பட காலத்து ஹாலிவுட் நகைச்சுவைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஹரால்ட் லாயிட் தன் படத்தை வெளியிடுவதற்கு முன் எங்காவது ஒரு கொட்டகையில் போட்டுக் காட்டுவார். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் இருமுகிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப மறுபடி வெட்டுவார், சில சமயம் மறுபடி படமே பிடிப்பார். ஆக, அந்தப் படங்களின் நீள அகலமே கூட்டத்தின் சிரிப்பை வைத்து அளந்தது. ஒவ்வொரு சேட்டைக்கும் பின்னால் கூட்டம் சிரித்து ஓய ஒரு மூச்சு இடைவெளி விட்டிருக்கும். வீட்டில் தனியாகப் பார்க்கிறவருக்கு அந்த இடைவெளி தொய்வாகத் தெரியும். 'பழைய படம், கொஞ்சம் ஸ்லோ' என்று சொல்லி அணைத்துவிடுவார். படத்தில் குறை இல்லை. கூட இருக்க வேண்டிய ஐந்நூறு பேர் இல்லை, அவ்வளவுதான்.

விருது கொடுப்பவர்களுக்கும் சிரிப்புக்கும் என்றைக்குமே ஆகாது. ஆஸ்கர் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஹரால்ட் லாயிடுக்கு 1953-இல், பஸ்டர் கீட்டனுக்கு 1960-இல், ஸ்டான் லாரலுக்கு 1961-இல், கேரி கிராண்டுக்கு 1970-இல், சாப்ளினுக்கு 1972-இல் கௌரவ விருது கொடுத்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்த பிறகு. நடிப்புக்காகவோ இயக்கத்துக்காகவோ போட்டியில் ஆஸ்கர் வென்றவர் இவர்களில் ஒருவரும் இல்லை. பெரிய திரைப்பட விழாக்களிலும் இதே கதைதான். போட்டிப் பிரிவில் போரும் வறுமையும் தனிமையும் நிறைந்திருக்கும். நகைச்சுவைப் படம் நள்ளிரவுக் காட்சிக்கோ கடைசி நாளுக்கோ ஒதுங்கும். அதனால்தான் சிரிப்புக்குத் தனிப்பந்தி போடச் சிலர் கிளம்பினார்கள்.

மேலே சொன்ன வரிசையில் கேரி கிராண்ட் பிறந்த ஊர் இங்கிலாந்தின் பிரிஸ்டல். 1904-இல் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரோடு பிறந்து, சிறுவயதிலேயே அங்குள்ள ஹிப்போட்ரோம் நாடகக் கொட்டகையில் எடுபிடி வேலை பார்த்து, குட்டிக்கரணம் அடிக்கும் ஒரு குழுவோடு ஊரை விட்டுப் போனவர். பிரிஸ்டல் ஒரு துறைமுக நகரம், இன்று 'வாலஸ் அண்ட் குரோமிட்' களிமண் பொம்மைப் படங்களை எடுக்கும் ஆர்ட்மேன் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. 2005-இல் கிறிஸ் டேனியல்ஸ் என்பவர் அங்கே 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற விழாவைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே 'பிரிஸ்டல் சைலண்ட்ஸ்' என்று ஒரு பேசாப்பட ஆர்வலர் குழு இருந்தது. அங்கிருந்து முளைத்ததுதான் விழா. அறக்கட்டளையாக நடக்கிறது. குளிர்காலத்தில் வருகிறது, பிரிட்டிஷ்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வரவே யோசிக்கிற பருவத்தில். அரங்கம் அந்த நாட்களில் எளிதாகக் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். விழா நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த ஊகம் புரியும்.

தொண்ணூறு, நூறு வருடத்துப் பேசாப் படத்துக்கு இன்றைய கூட்டத்தை எப்படி வரவழைப்பது? டேனியல்ஸும் அவர் கூட்டாளிகளும் எளிய வழி ஒன்றைப் பிடித்தார்கள். இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களைக் கூப்பிட்டு, தங்களுக்குப் பிடித்த பழைய கோமாளியை மேடையில் அறிமுகம் செய்யச் சொன்னார்கள். பால் மெர்ட்டன் வந்தார். 'தி குடீஸ்' குழுவின் டிம் ப்ரூக்-டெய்லர், கிரேம் கார்டன், பில் ஓடி வந்தார்கள். டிவியில் பார்த்த முகத்தை நேரில் பார்க்க வந்தவர்கள், திரையில் பஸ்டர் கீட்டனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நகரத்தின் பெரிய இசை அரங்கத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் இடத்தில், வாத்தியக் குழு நேரடியாக இசைக்க ஒரு பேசாப் படம் ஓடும். அந்த இரவுதான் விழாவின் உச்சம். அறிமுகம் செய்ய வந்தவர் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடுவார் என்பதை நம் ஊர் விழாக் குழுவினர் கவனிக்கலாம். பொன்னாடைகள் முடிவதற்குள் இங்கே இடைவேளை வந்துவிடுகிறது.

அந்த ஊருக்குச் சிரிப்பு விழா ஒன்று போதவில்லை போலிருக்கிறது. கேரி கிராண்டுக்கென்றே 2014-இல் இன்னொரு விழாவும் தொடங்கி நடத்துகிறார்கள்.

இனி பியானோக்காரருக்கு வருகிறேன். இந்த விழாக்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

பேசாப் படத்துக்குப் பெரும்பாலும் கூடவே வந்த இசைத்தாள் இல்லை. வாசிப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே, விரல் போன போக்கில், ஒன்றரை மணி நேரம் வாசிக்க வேண்டும். சில படங்களை அவரும் அப்போதுதான் முதல் முறை பார்ப்பார். லண்டனைச் சேர்ந்த நீல் பிராண்ட் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறார். ஸ்டீவன் ஹார்ன் என்று இன்னொருவர் இருக்கிறார்: இடது கை பியானோக் கட்டைகள் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கையில் புல்லாங்குழலை எடுத்து வாயில் வைத்து வாசிப்பார். பக்கத்தில் ஒரு அக்கார்டியனும் தயாராகக் காத்திருக்கும். ஜெர்மானியரான குந்தர் பூச்வால்ட் பியானோவும் வயலினும் வாசிப்பார், தேவைப்பட்டால் வாத்தியக் குழுவையும் நடத்துவார்.

நகைச்சுவைப் படத்துக்கு வாசிப்பது சோகப் படத்துக்கு வாசிப்பதைவிடக் கடினம். திரையில் ஒருவன் வாழைப்பழத் தோலை நோக்கி நடந்து வருகிறான் என்று வையுங்கள். அவன் வழுக்குவதற்கு அரை நொடி முன்னால் பியானோ 'டமார்' என்றால் தீர்ந்தது, கூட்டம் சிரிக்காது. அரை நொடி பின்னால் என்றால் சிரிப்பின் நடுவில் இரைச்சலாக விழும். வாசிப்பவர் வழுக்கப் போவது தெரியாதவரைப் போல அப்பாவியாக வாசித்துக்கொண்டு போக வேண்டும். கூட்டம் வெடித்துச் சிரிக்கும்போது சத்தத்தைத் தணித்து, சிரிப்பு ஓயும் நேரம் பார்த்து மறுபடி எடுக்க வேண்டும். ஒரு கண் திரையில், இரண்டு காதும் கூட்டத்தில். கச்சேரியில் பாடகரின் மூச்சைப் பார்த்து வாசிக்கும் பக்கவாத்தியக்காரர் நமக்குப் புதியவரல்ல. இங்கே பாடகரின் இடத்தில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் ஓட்டுபவருக்கும் இதில் பங்கு உண்டு. பேசாப் படங்களைக் கையால் சுழற்றும் கேமராவில் பிடித்தார்கள். நொடிக்குப் பதினாறு படச்சட்டம் என்று சொல்வார்கள்; இருபதும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி மாறும். பேசும் படத்தின் கணக்கான இருபத்து நான்கில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் எல்லோரும் எறும்புக் கூட்டத்தைப் போல ஓடுவார்கள். சாப்ளின் என்றாலே விறுவிறுவென்று ஓடுகிற உருவம் நம் மனதில் பதிந்ததற்கு, தொலைக்காட்சிகள் காலங்காலமாகத் தவறான வேகத்தில் ஓட்டியதும் ஒரு காரணம். சரியான வேகத்தில் பார்த்தால் அவர் நடையில் ஒரு நிதானம் இருக்கிறது, நடனத்துக்குப் பக்கத்தில் வருகிற நிதானம்.

'கோல்ட் ரஷ்' படத்தில் இரண்டு ரொட்டித் துண்டுகளை முள்கரண்டியில் குத்தி மேசைமேல் நடனமாட விடுவாரே சாப்ளின், அந்தக் காட்சிக்கு பெர்லினில் கைதட்டல் நிற்காமல் போகவே, படம் ஓட்டுபவர் சுருளைத் திருப்பி அந்தக் காட்சியை மறுபடி போட்டார் என்று சொல்வார்கள். படச்சுருளுக்கு 'ஒன்ஸ்மோர்' கிடைத்திருக்கிறது. கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

நான் மேலே சொன்ன பியானோக்காரர்கள் எல்லோரும் அக்டோபர் மாதத்தில் ஒரு வாரம் இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள போர்டெனோனே என்ற சிறு நகரத்தில் கூடுவார்கள். உலகத்தில் பேசாப் படங்களுக்கான முதன்மையான விழா அங்கேதான் நடக்கிறது. அது தொடங்கிய கதை சிரிப்போடும் இழவோடும் சம்பந்தப்பட்டது.

1976 மே 6 அன்று இரவு, போர்டெனோனே இருக்கும் ஃப்ரியூலி வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். ஜெமோனா என்ற ஊர் மிகவும் சிதைந்தது. மக்கள் கூடாரங்களில் தங்கினார்கள். அப்போது ஜெனோவா நகரத்திலிருந்து அஞ்செலோ ஹுமூடா என்ற திரைப்பட ஆர்வலர் படப்பெட்டிகளோடு அங்கே வந்து, கூடார வாசிகளுக்குப் பழைய படங்களைப் போட்டுக் காட்டினார். அரிசியும் போர்வையும் வர வேண்டிய இடத்துக்குப் படப்பெட்டியோடு ஒருவர் வந்தால் நம் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் அவர் வந்த வேளை நல்ல வேளை. அடுத்த வருடம், 1977-இல், ஜெமோனாவிலேயே ஒரு திரைப்படக் காப்பகம் பிறந்தது. லிவியோ ஜேக்கப், பியெரா பதாத் ஆகியோர் அதை வளர்த்தார்கள். வீடு கட்டி முடிக்காத ஊரில் படச்சுருள் சேர்த்தார்கள். 1982-இல் அவர்களும் போர்டெனோனேயின் 'சினிமாசீரோ' படச் சங்கத்தினரும் சேர்ந்து முதல் விழாவை நடத்தினார்கள். அந்த முதல் விழாவில் காட்டியது மாக்ஸ் லிண்டர் என்ற ஒரே ஒரு நகைச்சுவை நடிகரின் படங்களை.

மாக்ஸ் லிண்டரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பளபளக்கும் உயரத் தொப்பி, மெல்லிய மீசை, கைத்தடி. சாப்ளினுக்கு முன்னால் உலகம் முழுக்கத் தெரிந்த முதல் திரைக் கோமாளி அந்த பிரெஞ்சுக்காரர்தான். சாப்ளினே அவரைத் தன் ஆசான் என்று எழுதிப் புகைப்படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 1925-இல் லிண்டரும் அவர் மனைவியும் அடுத்தடுத்து இறந்தபோது மகள் மோட் லிண்டருக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. தந்தை முகம் நினைவில்லாமல் வளர்ந்த அந்தப் பெண், பெரியவளான பிறகுதான் அவரைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலை, உலகெங்கும் சிதறிக் கிடந்த அப்பாவின் படங்களைத் தேடிச் சேர்த்ததுதான். 1963-இல் அவற்றைத் தொகுத்து ஒரு படம், 1983-இல் அப்பாவைப் பற்றி ஒரு ஆவணப்படம். 2017-இல் மறைந்தார். அப்பாவைத் தெரிந்துகொள்ள அந்த மகளுக்கு இருந்த ஒரே வழி, மற்றவர்களோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிப்பது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

போர்டெனோனே விழா இன்று பெரிதாகிவிட்டது. சாப்ளினின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டேவிட் ராபின்சன் பல ஆண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார். 2016-இல் ஜே வைஸ்பெர்க் பொறுப்பேற்றார். நிபுணர்களும் பேராசிரியர்களும் குவிகிற இடம். ஆனால் அங்கே ஒரு நிகழ்ச்சி உண்டு, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசை. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வாத்தியக் குழுவாக மேடை ஓரம் உட்கார்ந்து, கீட்டன் போன்றவர்களின் குறும்படங்களுக்கு இசைப்பார்கள். பள்ளியில் கற்றுக்கொடுக்கும் ஊதுகுழல், தாளக் கருவிகள், கையில் கிடைத்த சத்தம் எழுப்பும் சாமான்கள். திரையில் கீட்டன் விழும்போது, எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த பிள்ளைகளே சிரிப்பை அடக்க முடியாமல் ஊதுவதை விட்டுவிடுவதும் நடக்கக்கூடியதுதானே. அப்பா அம்மாக்கள் அரங்கத்தை நிறைத்துவிடுவார்கள். கூட்டம் சேர்க்கும் கலையில் நம் பள்ளி ஆண்டு விழாக்களை மிஞ்ச முடியாது என்று நினைத்திருந்தேன், அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

படம் இருந்தால்தானே காட்ட முடியும்? லாரல்-ஹார்டியின் 'பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' என்ற 1927-ஆம் ஆண்டுக் குறும்படத்தில் தெருவே திரண்டு ஒருவர் முகத்தில் ஒருவர் கிரீம் பணியாரத்தை வீசிக்கொள்ளும். மூவாயிரம் பணியாரங்கள் செலவானதாகச் சொல்வார்கள். அந்தச் சண்டை இருந்த இரண்டாவது சுருள் முழுதாகக் கிடைக்காமல், துண்டு துணுக்குகள்தான் உலகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. 2015-இல் அது கிடைத்தது. கண்டுபிடித்த ஜான் மிர்சாலிஸ் எந்தக் காப்பகத்தின் ஊழியரும் இல்லை. தொழிலால் அவர் நச்சியல் விஞ்ஞானி. ஓய்வு நேரத்தில் பழைய படம் சேர்ப்பவர், பேசாப் படங்களுக்குப் பியானோவும் வாசிப்பவர். மறைந்த இன்னொரு சேகரிப்பாளரிடமிருந்து வந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது அந்தச் சுருள் கையில் சிக்கியது.

சுருள் கிடைத்தாலும் அது எந்தப் படம் என்று தெரிய வேண்டுமே. அமெரிக்காவின் கல்பெப்பர் என்ற ஊரில், அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. அங்கே 2012 முதல் நடந்த ஒரு கூட்டத்தின் விதி விசித்திரமானது: திரையரங்குக்குள் பேசலாம், கத்தலாம், கைப்பேசியும் மடிக்கணினியும் திறந்து வைத்துக்கொள்ளலாம். தலைப்பு கிழிந்துபோன, யார் எடுத்தது என்று தெரியாத பழைய சுருள்களை ஓட்டுவார்கள். அவற்றில் கணிசமானவை நகைச்சுவைக் குறும்படங்கள். இருட்டில் ஒருவர் காரின் மாடலைச் சொல்லுவார். ஒருவர் வண்டி எண் பலகையிலிருந்து வருடத்தைப் பிடிப்பார். 'அந்த மீசைக்காரர் இன்னார்' என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். இன்னொருவர் பழைய பத்திரிகைகளைத் திரையில் தேடி உறுதி செய்வார். ஐந்து நிமிடத்தில் அநாதைப் படத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். நம் ஊரில் பாட்டின் முதல் நொடியிலேயே படம், ஆண்டு, பாடியவர், எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் ஓடியது என்று சொல்லும் பெரியவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்களே, அவர்களை அனுப்பி வைத்தால் பின்னியெடுத்துவிடுவார்கள்.

அவர்களுக்கு இங்கே வேலை கொடுக்க நம்மிடம் படம் இல்லை என்பதுதான் துயரம். தென்னிந்தியாவில் எடுத்த பேசாப் படங்களில் முழுதாக மிஞ்சியது நாகர்கோவில்காரர்கள் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' முதல் மற்றவை எல்லாம் போய்விட்டன. அவற்றில் சிரிப்புப் படம் இருந்ததா, இருந்தால் யார் விழுந்தார்கள், யார் தூக்கிவிட்டார்கள் என்பது இனி தெரியப்போவதில்லை.

கடைசியாக, நம் நாட்டு ஊர் ஒன்று. குஜராத்தின் கட்ச் பகுதியில், காந்திதாமுக்குப் பக்கத்தில் ஆதிபூர். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்காக எழுப்பிய ஊர்களில் ஒன்று. பாய் பிரதாப் என்பவர் முன்னின்றார். கட்ச் மகாராவ் நிலம் கொடுத்தார். வீடு வாசலை விட்டுவிட்டு, கையில் கிடைத்ததோடு ஓடி வந்தவர்களின் ஊர். அங்கே 1966-இல் அசோக் அஸ்வானி என்ற இளைஞர் காலையில் வேலைக்குக் கிளம்பினார். வழியில் சினிமாக் கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் ஒரு விசித்திர மனிதர்: இறுக்கமான கோட்டு, தொளதொள கால்சட்டை, கைத்தடி. 'கோல்ட் ரஷ்' ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனவர் அடுத்தடுத்த காட்சிகளுக்கும் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அலுவலகம் போகவில்லை. வேலை போயிற்று.

பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்து, ஆணிகளை எலும்பைப் போல உறிஞ்சி, நாடாவை இடியாப்பம் போலச் சுருட்டிச் சாப்பிடுவாரே சாப்ளின், அந்தப் படம்தான். (அந்த பூட்ஸ் அதிமதுர மிட்டாயில் செய்தது.) அகதிகள் கட்டிய ஊரின் பையனுக்கு அந்தக் காட்சி எப்படிப் பட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அஸ்வானி பிறகு ஆயுர்வேத வைத்தியர் ஆனார். 1973-இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'சார்லி சர்க்கிள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். ஒவ்வொரு ஏப்ரல் 16 அன்றும், சாப்ளின் பிறந்த நாளில், ஆதிபூரில் ஊர்வலம் போகும். சின்னப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், பெண்கள், பெரியவர்கள், எல்லோருக்கும் மை மீசை, கறுப்புத் தொப்பி, கைத்தடி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிய நடை. ஒட்டக வண்டி, கொட்டு மேளம், கேக்கு. இரவில் சாப்ளின் படம்.  மனச்சோர்வோடு வருகிற நோயாளிகளுக்கு அஸ்வானி சூரணத்தோடு சாப்ளின் படத் தட்டையும் கொடுத்து அனுப்புவாராம். காத்ரின் மில்லார்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி இந்த ஊரைத் தேடி வந்து 2008-இல் 'தி பூட் கேக்' என்று ஒரு ஆவணப்படமே எடுத்தார்.

ஆதிபூரில் இசை அரங்கம் கிடையாது, வாத்தியக் குழு கிடையாது, காப்பகம் கிடையாது. போர்டெனோனேயிலிருந்து பார்த்தால் இதைத் திரைப்பட விழா என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் தீர்ப்பு வேறு. நான் சொன்ன எல்லாவற்றிலும் விழா என்ற சொல்லுக்கு மிகவும் பொருந்துவது இதுதான். மற்ற ஊர்களில் பார்வையாளர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆதிபூரில் ஊரே வேடம் கட்டுகிறது.

இதையெல்லாம் நீட்டி எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களிடம் ஒரு வேலை கொடுக்கப் போகிறேன்.

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1925-இல் வெளியான 'கோல்ட் ரஷ்', கீட்டனின் 1924-ஆம் ஆண்டு 'ஷெர்லாக் ஜூனியர்', 1926-ஆம் ஆண்டு 'ஜெனரல்' போன்றவை இங்கே அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. (புதிதாகச் சேர்த்த இசைக்கும் சில புதுப்பித்த பிரதிகளுக்கும் தனி உரிமை இருக்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.) மொழி தெரிய வேண்டியதில்லை. நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை யாராவது ஒருவர் சத்தமாகத் தமிழில் வாசித்தால் போதும். அந்தக் காலத்தில் நம் கொட்டகைகளில் அப்படித்தான் ஒருவர் நின்று கதை சொன்னார். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, நூலகத்தின் மாடியோ கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமோ ஓர் இடம். தெருவில் ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிக்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அவரை ஓரமாக உட்கார வையுங்கள். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: முன்னுரை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

வரும் ஏப்ரல் 16-க்குள் எங்காவது இப்படி ஒரு காட்சி நடத்திவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். ஏற்கெனவே உங்கள் ஊரில் இப்படி நடத்திவருகிறவர்கள் இருந்தால் அவர்களைப் பற்றியும் எழுதுங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்களை வெளியிடுவோம். எந்தப் படம், எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் அதிகம் சிரித்தார்கள், நாற்காலி அடுக்கியவர் யார் என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்